தண்டனை நீங்கியது, தப்பெண்ணம் நீங்கியதா?

தமிழ்நாட்டை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. வாடகைக்கு வீடு கேட்டுச் செல்கிறோம். வீட்டுக்காரர் நம் ஊரை விசாரிக்கிறார், மொழியை விசாரிக்கிறார், உணவுப் பழக்கத்தையும் விசாரிக்கிறார். பிறகு, வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாக மெல்லச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நம்மை வாசலில் நிறுத்தும்படி எந்தச் சட்டமும் அவருக்குக் கட்டளையிடவில்லை. அவ்வாறு செய்தது அவர் மனத்திலிருந்த தப்பெண்ணம். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத இந்தத் தப்பெண்ணத்தை அரசாங்கம் எவ்வாறு போக்க முடியும்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினாவுக்கு விடை காணப் பிரிட்டனின் அண்மைக்கால வரலாறு பெரிதும் உதவும். ஆணிடத்தில் ஆணும், பெண்ணிடத்தில் பெண்ணும் காதல் கொள்ளும் இயல்பினரைத் தன்பாலீர்ப்பாளர் என்று இன்று வழங்குகிறோம். அவர்கள்மீது அந்நாட்டில் நெடுங்காலமாக நிலவிய வெறுப்பைப் போக்கப் பார்லிமெண்டும் முயன்றது, நகரசபைகளும் முயன்றன. ஒரு காலத்தில் அவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதவும் செய்தன. அந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. அவர்களைத் தண்டித்த சட்டம் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே நிலைத்திருந்தது அன்றோ?

எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், 1533-ஆம் ஆண்டில், ஆண்களுக்கிடையிலான உறவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பெற்றது. அதுவரை சமய நீதிமன்றங்களின் பொறுப்பில் இருந்த ஒரு விஷயம் அன்றுமுதல் அரசனின் சட்டத்துக்குள் வந்தது. இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் இறுதியாக இருவர் தூக்கிலிடப்பட்ட ஆண்டு 1835. மரண தண்டனை 1861-இல் எடுக்கப்பட்டு, நெடுங்காலச் சிறைத்தண்டனை அதன் இடத்தைப் பெற்றது. 1885-இல் வந்த மற்றொரு சட்டம் வலையை இன்னும் அகலமாக்கியது. அந்தச் சட்டத்தின்கீழ்த்தான் நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு 1895-இல் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பகைவரின் இரகசியச் செய்திகளை விடுவிக்கப் பெருந்துணை புரிந்த கணித மேதை ஆலன் டூரிங் 1952-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதும் அதே சட்டத்தின்கீழ்த்தான். சிறைக்கு மாற்றாக அவர் உடலில் மருந்து செலுத்தப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் மாண்டார்.

1954-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிட்டியை அமைத்தது. ரெடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் வுல்ஃபெண்டன் அதன் தலைவர். மூன்றாண்டுகள் சாட்சியங்களைக் கேட்டு, 1957 செப்டம்பரில் அக்கமிட்டி அறிக்கை வெளியிட்டது. வயது வந்த இரு ஆண்கள், இருவரும் விரும்பி, தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்பது அதன் முடிவு. ஒருவருடைய அந்தரங்க ஒழுக்கத்தில் சட்டம் புகுவதற்கு உரிமையில்லாத ஓர் எல்லை உண்டு என்று கமிட்டி வாதிட்டது. ஒருவர் மட்டுமே மாறுபட்ட கருத்தை எழுதினார்.

அறிக்கை வெளிவந்த பின்னரும் பத்தாண்டுகள் கழிந்தே சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் ஆரன் பிரபுவும், காமன்ஸ் சபையில் வேல்ஸ் நாட்டு அங்கத்தினர் லியோ ஆப்ஸும் மசோதாவை முன்நின்று நடத்தினர். உள்நாட்டு மந்திரி ராய் ஜென்கின்ஸ் அதற்கு ஆதரவாக நின்றார். 1967 ஜூலை 27-ஆம் நாள் அது சட்டமாயிற்று. இருபத்தொரு வயது நிறைந்தோர்க்கு மட்டுமே அது பொருந்தும், படைவீரர்களுக்குப் பொருந்தாது, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அப்பாலும் செல்லாது. ஸ்காட்லாந்து 1980-ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலும், வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

மசோதா நிறைவேறிய வேளையில் ஆரன் பிரபு தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஓர் அறிவுரையும் கூறினார். கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு, ஆரவாரமின்றி அடக்கமாக நடந்துகொள்வதே அவர்கள் காட்டத்தக்க நன்றி என்பது அதன் சாரம். குற்றவாளி என்ற பெயர் நீங்கினாலும், சமமானவர் என்ற பெயர் கிடைக்கவில்லை என்பதற்கு இந்த அறிவுரையே சான்று. சட்டம் தளர்ந்த பின்னரும் பொது இடங்களில் போலீசார் தொடுத்த வழக்குகள் குறையவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அவை பெருகின. இயல்பு தெரியவந்தால் வேலை போகும், வீடு போகும், பெற்ற தாய்க்கும் குழந்தையை வளர்க்கும் உரிமை போகும். இவற்றில் எதையும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை.

வேலை, வீடு, பள்ளிக்கூடம், நூல்நிலையம் ஆகியவற்றில் பெரும்பங்கு பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலிருந்தது. நகரசபையே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு உரிமையாளர். ஆசிரியர்களை அமர்த்துவதும் அதுவே. ஆகவே பார்லிமெண்டில் முடிந்த விவாதம், 1980-களில் நகரசபைகளின் கூடத்தில் புதிதாகத் தொடங்கியதில் வியப்பில்லை.

1981-இல் லண்டன் மாநகரத்துக்கு முழுமைக்குமான பேரவை தொழிற்கட்சியின் கைக்கு வந்தது. கென் லிவிங்ஸ்டன் அதன் தலைவரானார். மாநகரத்தின் சிறுபான்மையினர் சங்கங்களுக்கு நிதியுதவி செய்தபோது, தன்பாலீர்ப்பாளர்களின் சங்கங்களையும் அப்பேரவை அவ்வரிசையில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் கூடிப் பேசவும் யோசனை பெறவும் 1985-இல் ஒரு நிலையம் பேரவையின் பணத்தால் திறக்கப்பட்டது. மான்செஸ்டர் நகரசபையும் அதே காலத்தில், தன் ஊழியர்களிடையிலும் சேவைகளிலும் இவர்களுக்குப் பாரபட்சம் நேராமல் பார்க்கத் தனி அலுவலர்களை நியமித்தது. வரிப்பணம் இதற்கா என்று கேட்டோர் பலர். இவர்களும் வரி செலுத்துவோரே என்பது நகரசபைகளின் விடை.

உள்ளூர் அரசியல் மனத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அக்கால நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். 1984 மார்ச்சு முதல் ஓராண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். லண்டனிலிருந்த தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று தெருவில் உண்டியல் ஏந்திப் பணம் திரட்டி, வேல்ஸ் நாட்டின் டுலைஸ் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சுரங்கக் குடும்பங்களுக்கு அனுப்பியது. தேவாலயமும் தொழிற்சங்கமுமே வாழ்வாக இருந்த அந்தச் சிற்றூர்களுக்கு இவர்கள் விருந்தாளிகளாகச் சென்றனர். ஒரே மேசையில் உண்டனர். வேலைநிறுத்தம் தோற்றது, ஆனால் நட்பு தோற்கவில்லை. 1985 ஜூனில் லண்டனில் தன்பாலீர்ப்பாளர் ஊர்வலம் நடந்தபோது சுரங்கத் தொழிலாளர்கள் தம் சங்கக் கொடியுடன் முன்வரிசையில் நடந்தனர். அவ்வாண்டுத் தொழிற்கட்சி மாநாட்டில் சம உரிமைத் தீர்மானம் நிறைவேறச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் துணைநின்றன. பிரசாரத்தால் மட்டும் இது கைகூடியிருக்குமா என்பது ஐயமே. துன்பகாலத்தில் ஒருவர் வாசலுக்கு மற்றவர் சென்றதால் விளைந்த பயன் அது.

ஆயினும் காலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. எய்ட்ஸ் நோய் பரவிய காலம் அது. நோய்க்கு அஞ்சிய மக்கள் நோயாளிக்கும் அஞ்சினர். பரபரப்புப் பத்திரிகைகள் அந்த அச்சத்துக்கு நெய் வார்த்தன. 1987-இல் எடுத்த கருத்தாய்வு ஒன்றில், இத்தகைய உறவு எக்காலத்தும் தவறே என்று கூறியோர் நூற்றுக்கு 64 பேர். அதாவது, சட்டம் தளர்ந்து இருபது ஆண்டுகள் ஆகியும் மூவரில் ஏறக்குறைய இருவரின் மனம் தளரவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் வட லண்டனிலுள்ள ஹேரிங்கே நகரசபை ஒரு முயற்சியில் இறங்கியது. கரீபியத் தீவுகளிலிருந்தும் சைப்பிரஸிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் குடியேறியோர் மிகுந்த பகுதி அது. கயானாவில் பிறந்து லண்டனில் குடியேறிய பெர்னி கிராண்டு அதன் தலைவராக இருந்தார். 1986 தேர்தலுக்குப் பின் அந்நகரசபை, தன்பாலீர்ப்பாளரைக் கேலிப்பொருளாக அல்லாமல் மதிப்புடையோராகக் காட்டும் செய்திகள் பள்ளிகளில் இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்தது. பெற்றோரில் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தனர். கூட்டங்களில் கூச்சல் மிகுந்தது. நகரசபையை ஆதரித்துப் பேசிய பெற்றோரும் இருந்தனர். அவர்கள் குரல் பத்திரிகைகளில் குறைவாகவே கேட்டது.

அதே ஆண்டில் சின்னஞ்சிறு புத்தகம் ஒன்று நாடெங்கும் சர்ச்சைக்குள்ளாயிற்று. டென்மார்க்கில் வெளிவந்து, 1983-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட குழந்தைகளுக்கான படப் புத்தகம் அது. ஜென்னி என்னும் ஐந்து வயதுச் சிறுமி தன் தந்தையுடனும் அவருடைய ஆண் துணைவருடனும் வாழ்வதே கதை. லண்டனில் ஆசிரியர்களின் பார்வைக்கென நூல்நிலையம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த அந்த நூல், பள்ளிக் குழந்தைகள் யாவருக்கும் வழங்கப்படுவது போலச் சித்திரிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நகரசபைகளின் குறையையும் நாம் மறைத்தலாகாது. நோக்கம் நல்லதாயினும், பெற்றோரை முன்கூட்டியே அழைத்துப் பேசி, அவர்களுடைய அச்சத்தைக் கேட்டு விளக்கம் கூறும் பொறுமை எல்லா இடத்திலும் காணப்படவில்லை. தீர்மானம் முன்னே சென்றது. விளக்கம் பின்னே வந்தது. இடைவெளியில் வதந்தி புகுந்தது. டுலைஸ் பள்ளத்தாக்கில் ஒரே மேசையில் அமர்ந்து உண்டதால் கைகூடியது, சுற்றறிக்கையால் கைகூடவில்லை.

1987 அக்டோபரில் ஆளுங்கட்சி மாநாட்டில் பேசிய பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர், குழந்தைகளுக்குப் பாரம்பரிய ஒழுக்கத்தைக் கற்பிப்பதற்குப் பதிலாக இவ்வியல்பைத் தம் உரிமையெனக் கற்பிக்கிறார்கள் என்று குறை கூறினார். டிசம்பரில் உள்ளாட்சி மசோதாவில் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. 1988 மே 24-இல் நடைமுறைக்கு வந்த அந்த 28-ஆம் பிரிவின்படி, எந்த உள்ளாட்சி மன்றமும் தன்பாலீர்ப்பை வேண்டுமென்றே பரப்பலாகாது. அதனைக் குடும்ப உறவாக ஏற்கத்தக்கது என்று பள்ளிகளில் கற்பிக்க ஊக்கம் தரவும் கூடாது. ஒரு சிறுபான்மையினரைப் பற்றி நகரசபைகள் நல்ல சொல் கூறுவதையே தடுக்கும் சட்டம் இவ்வாறு பிறந்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. 1988 ஜனவரியில் நடிகர் இயன் மெக்கெல்லன், பி.பி.சி. வானொலியில் இந்த விதியைக் குறித்து விவாதித்தபோது, தாமும் தன்பாலீர்ப்பாளரே என்பதை முதன்முறையாக உலகறியக் கூறினார். பிப்ரவரியில் பெண்கள் சிலர் பிரபுக்கள் சபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து கயிற்றைப் பற்றிச் சபைக்குள் இறங்கினர். அம்மாதம் 20-ஆம் நாள் மான்செஸ்டரில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு ஊர்வலம் சென்றனர். தத்தம் வாழ்வை மறைத்து வாழ்ந்தோர், மறைந்திருந்தால் மௌனமே சட்டமாகிவிடும் என்பதை உணர்ந்து வெளியே வந்தனர்.

28-ஆம் பிரிவு ஏற்படுத்திய தீங்கின் தன்மையை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது இருந்த காலம் முழுவதும் அதன்கீழ் எந்த நகரசபையும் நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. பள்ளிப் பாடத்தில் இவ்விஷயத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு 1986-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பள்ளி நிர்வாகக் குழுக்களிடம் சென்றுவிட்டதால், வகுப்பறையில் பேசும் ஆசிரியரை அப்பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்தவும் இல்லை. இருந்தும் ஆசிரியர்கள் அஞ்சினர். சக மாணவர்கள் ஒரு சிறுவனை இழிசொல்லால் வதைக்கும்போது, தடுத்துப் பேசினால் சட்டவிரோதமாகுமோ என்று தயங்கி வாளாவிருந்த ஆசிரியர்கள் பலர். தனக்குள் குழம்பிய மாணவி ஆசிரியையை நாடிச் சென்றால், ஆறுதல் கூறவும் அந்த அம்மையார் தயங்கினார். இவ்வாறு, ஒருவரையும் சிறைக்கு அனுப்பாத ஒரு சட்டம் ஒரு தலைமுறைக் குழந்தைகளைத் தனிமையில் நிறுத்தியது.

இத்தடையை முதலில் நீக்கியது ஸ்காட்லாந்து. புதிதாக அமைந்த ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு அதனை எடுத்துக்கொண்டபோது, செல்வர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் தபால் வாக்கெடுப்பே நடத்தினார். வாக்குச்சீட்டு பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே விடையளித்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிவு நீடிக்க வேண்டும் என்றனர். ஆயினும் பார்லிமெண்டு அஞ்சவில்லை. 2000 ஜூன் 21-இல் 99 வாக்குகள் சார்பாகவும் 17 எதிராகவும் பதிவாகி, பிரிவு நீக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 2003 நவம்பரில் நீங்கியது. பழைமைக் கட்சியின் தலைவராயிருந்த டேவிட் கேமரன், அப்பிரிவுக்காக 2009-இல் மன்னிப்புக் கோரினார். பின்னர் அவரே பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், 2014 மார்ச்சு முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகையோர் திருமணங்கள் சட்டப்படி நடைபெறலாயின. அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களின் பதிவு அலுவலகங்களுக்கு உரியதாயிற்று. இத்தகைய உறவை நல்லதென்று சொல்லவும் கூடாது எனத் தடுக்கப்பட்ட மன்றங்களே பின்னாளில் அதனைப் பதிவேட்டில் எழுதி வாழ்த்தின. 1987-இல் 64 பேர் கண்டித்த அதே கேள்விக்கு, 2012-இல் அவ்வாறு விடை கூறியோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1860-இல் இயற்றப்பெற்று 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, அந்த 1533-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித்தோன்றலே. டில்லி உயர்நீதிமன்றம் 2009-இல் அதன் கடுமையைத் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013-இல் அதனை மீண்டும் நிலைநாட்டியது. பின்னர் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று அதே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நியாயச் சட்டத்தில் அப்பிரிவுக்கு இடமே இல்லை. ஆனால் திருமண உரிமையை நீதிமன்றம் அளிக்க இயலாது என்று 2023-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே, பிரிட்டன் 1967-இல் நின்ற இடத்துக்குப் பெரிதும் ஒப்பானதோர் இடத்தில் நாம் நிற்கிறோம் எனலாம். தண்டனை நீங்கியது, எஞ்சிய பணி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் காத்திருக்கிறது.

அப்பணிக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல தொடக்கம் உண்டு. மதுரையிலிருந்து இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தனர். பெண்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்கே போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் நிபுணரிடம் சென்று கற்று வந்த பின்னரே 2021 ஜூன் 7-இல் உத்தரவு பிறப்பித்தார். இத்தகையோரைப் போலீசார் தொல்லை செய்யலாகாது. அவர்கள் இயல்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யும் சிகிச்சை கூடாது. அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பன அதன் கூறுகள். பின்னர், இவர்களை இழிவின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. நல்ல சொல் இல்லாத இடத்தில் வசைச்சொல்லே வழக்காறாகிவிடும் என்பதை அரசாங்கம் உணர்ந்ததற்கு அது அடையாளம்.

மத்திய அரசும் 2024-இல் ஓர் அறிவிப்புச் செய்தது. இத்தகைய துணைவர் இருவரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் தடையில்லை. காகிதத்தில் இது சிறிய செய்தி. ஆனால் ரேஷன் அட்டைக்காக வேற்று மாநில அலுவலகங்களின் வாயிலில் நின்றறிந்த நமக்கு, மேசைக்கு அப்பால் இருக்கும் குமாஸ்தாவின் முகம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். டில்லியில் எழுதிய சுற்றறிக்கை அந்த மேசையை அடைந்து, அங்கே இன்சொல்லாக மாறினாலன்றி அதனால் பயனில்லை.

பிரிட்டனின் வரலாறு நமக்கு அளிக்கும் படிப்பினை இதுவே. தண்டனையை நீக்குவது பார்லிமெண்டுக்கும் நீதிமன்றத்துக்கும் இயலும். தப்பெண்ணத்தை நீக்குவது நகரசபைக்கும் பள்ளிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் உரிய அன்றாட வேலை. அவ்வேலையைப் பெற்றோரையும் அண்டை வீட்டாரையும் கலந்து செய்ய வேண்டும். அதனைச் செய்ய முன்வரும் சிறு மன்றங்களின் வாயை மேலிருந்து அடைத்தால், முதலில் அடிபடுவோர் குழந்தைகள்.

நம் தமிழ்ச் சங்கங்களும் ஒருவகையில் உள்ளூர் மன்றங்களே. அங்கே வரும் நம் பிள்ளைகளில் ஒருவன், ஒருத்தி, தன் இயல்பை யாரிடம் சொல்வது என்று அறியாமல் இருக்கக்கூடும். வெளியூரில் மொழிக்காக ஒருமுறை வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளையை, சொந்த வீட்டில் இரண்டாம் முறை நாம் நிறுத்தலாமா? வாசலில் நிற்பதன் வருத்தத்தை அறிந்தவர்கள் நாம். கதவைத் திறப்பதிலும் நாம் பிந்துதல் கூடாது.